கேள்வி ஞானம்

கல்யாணம் முடிந்து, கோலார் தங்கச் சுரங்கத்துப் பக்கம் ஸ்கெலட்டன் லைன் வீட்டுக்கு நான் வந்து இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மைசூர் மைன்ஸ் பக்கம் பிறந்தவளுக்கு ஸ்கெலட்டன் ஒன்றும் அயலூர் இல்லை. புத்த விகாரையில் பஞ்சசீலம் சொல்லி, மாலை மாற்றி, பிரியாணி சாப்பிட்டு, ஆட்டோ பிடித்து வந்துவிட்டோம். ஆரத்தி கிடையாது, ராகு காலம் பார்ப்பது கிடையாது. இரண்டு வீட்டாரும் அந்த விஷயத்தில் கறார். பேய் என்பது பயத்துக்கு மனிதன் வைத்த பெயர் என்று என் அப்பா விகாரையில் மைக் பிடித்துப் பேசுவார். கடைசிவரை நான் யாரிடமும் வாய் திறக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

அது சுரங்கக் கம்பெனி காலத்தில் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு. முன்னறை, பின்னறை, சமையலறை, மூன்றும் ஒரே வரிசையில். சுவருக்கு அந்தப் பக்கம் சரோஜம்மா குடும்பம். அவர்கள் வீட்டில் தும்மினால் நம் வீட்டில் கேட்கும். முன்னறைக்குள் காலை வைத்ததும் முதலில் கண்ணில் பட்டது ஆணியில் தொங்கிய கிட்டார்தான்.

என் கணவர் வேந்தனுக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. அது அவருடைய முதல் மனைவி சங்கமித்ராவுடையது. அவள் டெங்குக் காய்ச்சல் கண்டு, கோலார் ஆஸ்பத்திரியில் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று அவள் போட்டோக்களையெல்லாம் பெட்டியில் போட்டு அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார் வேந்தன். கிட்டாரைக் கழற்ற மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. போட்டோவாக இருந்தால் எனக்குப் பரவாயில்லை. ஒரு மாலையைப் போட்டுவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். கிட்டாரை என்ன செய்வது?

நான் பொறாமைக்காரி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பக்கத்து பெஞ்சுக்காரியின் கையெழுத்து அழகாக இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து செத்துப்போனவளுக்கு எதிர்ப்பக்கத்தில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? செத்தவள் சாம்பாரில் உப்பைக் கூட்டிப் போட மாட்டாள். எதிர்த்துப் பேச மாட்டாள். அவளுக்கு வயதும் ஆகாது.

போதாததற்குச் சரோஜம்மா வேறு.

"சங்கமித்ரா இருந்தப்போ இந்த லைன்ல யாரும் ரேடியோவே போட மாட்டோம்மா. ஒரு பாட்ட ஒருவாட்டி கேட்டா போதும், அப்டியே வாசிச்சிடும். இன்னா காது அந்தப் பொண்ணுக்கு!" என்பாள், குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டே. என் குடம் வழிந்துகொண்டிருப்பதை அப்புறம்தான் கவனிப்பேன்.

வேந்தன் விடியற்கால ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டியபின் திரும்புவார். நல்ல மனுஷன். கத்த மாட்டார், குடிக்க மாட்டார். என்ன சமைத்தாலும் "நல்லா இருக்குது" என்பார். ஆனால் சிரிக்க மாட்டார். உதடு மட்டும் கொஞ்சம் விரியும், அவ்வளவுதான். அவர் சுபாவமே அப்படி என்று நான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது, கட்டிலில் கிடந்த இயர்போனை எடுத்துச் சும்மா காதில் வைத்தேன்.

கிட்டார்.

கூட யாரும் பாடவில்லை. இப்படி ஒரு மெட்டை நான் எங்கும் கேட்டதில்லை. நடுவில் ஓரிடத்தில் விரல் தடுமாறியது. ஒரு பெண் மூச்சை இழுத்து "ச்சே" என்றாள். மறுபடி பிடித்துக்கொண்டு கடைசிவரை வாசித்தாள். அது முடிந்ததும் ஒரு ஆணின் சிரிப்பு. வயிற்றிலிருந்து எழும்பி, தொண்டையை அடைத்து, இருமலில் போய் முடிகிற சிரிப்பு.

அது வேந்தன் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

தினமும் போகவர ரயிலில் இதைத்தான் கேட்டுக்கொண்டு போகிறார். என்னோடு பேசுகிற நேரத்தைவிட அதிக நேரம் அவளோடு இருக்கிறார். நான் அழவில்லை. அந்தப் பதிவை என் போனுக்கு அனுப்பிக்கொண்டு, அவர் போனைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தேன். எனக்கு அந்தச் சிரிப்பு வேண்டும். அந்தப் பாட்டை நானே கற்று, அவர் முன்னால் உட்கார்ந்து வாசித்து, அதை வாங்கிவிடுவது என்று அப்போதே முடிவு செய்தேன்.

ராபர்ட்சன்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் லூயிசாவைத் தேடிப் போனேன். என் வயதுதான். முன்பு சங்கமித்ரா வாசித்த கல்யாண குரூப்பில் பாடியவள். பதிவைப் போட்டுக் காட்டினேன். மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கண் கலங்கிவிட்டது.

"இது எந்தப் பாட்டும் இல்ல மாயா. அவளே போட்டது. எங்களுக்குக்கூடச் சொல்லித் தரல. இத நீ கத்துக்கணும்னா இந்தப் போன்ல வாசிக்கிற இவகிட்ட இருந்துதான் கத்துக்கணும்."

"எப்டி? எனுக்கு நோட்ஸ்லாம் தெரியாது."

"எங்க குரூப்ல யாருக்குத் தெரியும்? எல்லாம் காதுதான். மொதல்ல கொஞ்சமா கேளு. நிறுத்து. வாயால பாடு. வாய் சரியா பாடிச்சின்னா வெரலு தானா போய்த் தேடும். வந்ததுக்கு அப்பறம் அடுத்த துண்டு." நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள். "இன்னொண்ணு. காதால கத்துக்கறவங்க தப்பையும் சேத்துதான் கத்துக்குவோம். அவ தடுமாறுற எடத்துல நீயும் தடுமாறுவ. பார்த்துக்க."

மறுநாள் மத்தியானமே ஆரம்பித்துவிட்டேன். காற்றுக் காலம் அது. சுரங்கக் கழிவு மண் மலையாகக் குவிந்த சயனைட் மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி கிளம்பி லைன் முழுக்கப் படியும். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தி, கதவிடுக்கில் பழைய புடவையைத் திணித்துவிட்டு உட்காருவோம். அப்படியும் டிவி மேல், பாத்திரத்தின் மேல், தலையணை மேல் மாவு தெளித்த மாதிரி தூசி வந்துவிடும்.

கிட்டாரின் மேல் மட்டும் தூசி இல்லை. தினமும் யாரோ துடைத்துவைத்த மாதிரி இருந்தது. வேந்தன்தான் துடைக்கிறார் என்று நினைத்து, அதற்கும் சேர்த்துப் பொருமினேன்.

முதல் துண்டைப் பிடிக்கவே பல நாள் ஆயிற்று. விரல் நுனி வலிக்கும். கேட்பேன், முணுமுணுப்பேன், தேடுவேன். சரியான இடத்தில் விரல் விழும்போது உடம்பே சிலிர்க்கும். துண்டு துண்டாகச் சேர்த்தேன். லூயிசா சொன்னது சரிதான்; அவள் தடுமாறிய இடத்தில் நானும் தடுமாறினேன். என்னை அறியாமல் "ச்சே" என்றுகூடச் சொன்னேன்.

ஒருவழியாகக் கடைசித் துண்டும் விரலுக்கு வந்தது. நாளைக்கு ஒருமுறை சரிபார்த்துக்கொண்டால் முடிந்தது.

மறுநாள் பதிவைப் போட்டேன். கடைசித் துண்டு முடிந்தது. சிரிப்பு வரவில்லை.

பாட்டு தொடர்ந்து போனது.

நேற்று இல்லாத ஒரு வளைவு. மேலே ஏறி, சுற்றி, கீழே இறங்கியது. அதற்கப்புறம்தான் சிரிப்பு வந்தது. நான்தான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். புதிதாகக் கற்கிறவளுக்குத் தன் காதின் மேல்தான் முதல் சந்தேகம் வரும். உட்கார்ந்து அதையும் கற்றேன்.

அடுத்த நாள் அதற்கும் அப்பால் இன்னொரு வளைவு.

அன்று அறைக்குள் ஒரு வாசனை வந்தது. பச்சையாக, கசப்பாக. பப்பாளி இலையை அரைத்துச் சாறு பிழிகிற வாசனை. டெங்கு என்றால் எங்கள் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் அதைத்தான் வாயில் ஊற்றுவார்கள். எங்கள் வீட்டில் பப்பாளி மரம் இல்லை. சரோஜம்மா வீட்டிலும் இல்லை.

யாரிடம் சொல்வது? அப்பாவிடம் சொன்னால் மைக் பிடித்துவிடுவார். சரோஜம்மாவிடம் சொன்னால் சாயங்காலமே கோயில் கயிற்றோடு வந்து நிற்பாள். நாளைக்கு விகாரையில் எங்கள் மானம் போகும். அதற்கும் மேலே, எனக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகமாக இருந்தது. குழம்பு எப்படி வைத்தாய் என்று கேட்டால் ஒரு சாமானை மட்டும் மறைத்துச் சொல்லும் பெண்கள் உண்டு. இவள் அந்த ரகம். செத்தும் கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, காலி அறையைப் பார்த்து உரக்கவே சொன்னேன்.

"எத்தினி நாளைக்கு ஒளிச்சி வெச்சிக்குவ? வெச்சிக்கினு இன்னா பண்ணுவ? இனிமே நீ வாசிச்சி அவரு கேக்கப் போறாரா? உனுக்கு ஏது கை? எனுக்குத்தான் கை இருக்குது."

போனில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது.

நான் நிறுத்தவில்லை. திரையில் பதிவு ஓடிக்கொண்டுதான் இருந்தது. உள்ளே யாரோ மூச்சு விட்டார்கள். நிதானமாக, யோசிக்கிறவள் விடுகிற மூச்சு.

பிறகு பாட்டு முதலிலிருந்து வந்தது.

மெதுவாக.

ஒரு துண்டு. அப்புறம் நிசப்தம். அடுத்த துண்டு. அப்புறம் நிசப்தம். பின்தொடர்கிறவளுக்கு நேரம் கொடுத்து வாசிக்கிற மாதிரி.

எழுந்து ஓடியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? கூடவே வாசித்தேன். விரல் தேடவே இல்லை. போன இடமெல்லாம் சரியான இடமாக இருந்தது. வாசனை என் கழுத்தோரம் வரை வந்தது. வெளியே காற்று தகரத்தை ஆட்டிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்தபோது முழுப் பாட்டும் எனக்கு வந்திருந்தது. அன்று எனக்கு ஒரே சந்தோஷம். தோற்றுப்போய்க் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்து வேந்தன் கட்டிலில் சாய்ந்திருந்தார். நான் ஆணியிலிருந்து கிட்டாரை எடுத்தேன். அவர் முகம் மாறியது. "அத இன்னாத்துக்கு எடுக்கற மாயா?" என்று எழப் போனார். நான் வாசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் அவர் முகத்தை மட்டும்தான் பார்த்தேன். தடுமாறுகிற இடம் வந்தது, தடுமாறினேன், தாண்டினேன். கடைசி வளைவு முடிந்தது. அவர் வாய் கோணியது. அழப் போகிறார் என்று நினைத்தேன். வயிற்றிலிருந்து எழும்பி, தொண்டையை அடைத்து, இருமலில் முடிந்தது. அதே சிரிப்பு. என் கண்ணெதிரில்.

"சங்கு!" என்றார்.

"நான் மாயா."

"தெரியும், தெரியும். வாய் தவறி வந்துடுச்சி." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ அப்டி புடிச்சிக்கினு வாசிச்சியா, அதான். யாரு சொன்னாங்க உனுக்கு?"

"எப்டி புடிச்சேன்?"

"கவுத்துப் புடிச்சிருக்கியே. அவ எடது கைக்காரி. எடது கைக்கினு தனியா கிட்டார் வாங்க வசதி இல்ல, அதனால இத அப்டியே கவுத்துத்தான் வாசிப்பா."

குனிந்து பார்த்தேன்.

கிட்டாரின் கழுத்து என் வலப்பக்கம் நீண்டிருந்தது. என் வலது கை விரல்கள் கம்பியை அழுத்திக்கொண்டிருந்தன. நான் எடுத்தபோது அப்படி எடுக்கவில்லை. கற்ற நாட்களில் ஒருநாளும் அப்படிப் பிடித்ததில்லை. பதிவில் சத்தம்தான் இருக்கிறது. எந்தக் கை என்று சத்தம் சொல்லாது.

மறுநாள் காலை தோசை ஊற்றும்போது கல்லின் விளிம்பில் வலது கை பட்டது. சுடவில்லை. விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தேன். நான்கும் காய்த்துப்போய்க் கட்டியாக இருந்தன. இத்தனை நாள் கம்பியை அழுத்திய இடது கை விரல்கள் குழந்தையின் விரல் மாதிரி மெத்தென்று இருந்தன.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். ஆனால் அன்று இரவு வேந்தன் ரயிலிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "வாசிக்கிறியா?" என்றார். எந்தப் பெண்ணால் மாட்டேன் என்று சொல்ல முடியும்? வாசித்தேன். சிரித்தார். தினமும் இதே நடந்தது. ஒருநாள் போனைக் காட்டி, "அழிச்சிட்டேன் மாயா. இனிமே இது எதுக்கு? நீதான் இருக்கியே" என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்று மறுநாள் குழாயடியில் சரோஜம்மாவைப் பார்த்துக் காரணமில்லாமல் சிரித்தேன்.

அவர் எங்கே பார்த்துச் சிரிக்கிறார் என்று கவனிக்க ஆரம்பித்த பிறகுதான் வயிறு மறுபடி எரிந்தது. என் கையைப் பார்த்துச் சிரிக்கிறார். தூங்கும்போதும் என் வலது கையைப் பிடித்துக்கொள்வார். நான் புரண்டு இடது கையைக் கொடுத்தால் தூக்கத்திலேயே விட்டுவிடுவார். என் கையின் மேல் எனக்கே பொறாமை. இப்படி ஒரு கேவலம் யாருக்காவது வந்திருக்குமா?

ஒரு ராத்திரி வாசித்துக்கொண்டிருக்கும்போதே சொன்னேன். "என் மூஞ்சிய பார்த்துச் சிரிங்க."

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

சிரிப்பு நின்றுவிட்டது.

"பசிக்குது. சாப்பிடலாமா?" என்றார்.

மறுநாள் மத்தியானம் கிட்டாரை எடுத்து மடியில் போட்டேன். கட்டிங் பிளேயரால் கம்பிகளை ஒவ்வொன்றாக வெட்டினேன். பப்பாளி இலை வாசனை மூச்சை அடைத்தது. வலது கை பிளேயரைப் பிடிக்க மறுத்து நழுவ விட்டுக்கொண்டே இருந்தது. இடது கையால்தான் வெட்டினேன். கம்பிகளைச் சுருட்டிச் சமையலறைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். மொட்டைக் கிட்டாரை ஆணியில் மாட்டினேன். என் போனிலிருந்த பதிவையும் அழித்தேன். மனசு லேசானது. சிரிக்காத புருஷனே எனக்குப் போதும். உப்புச்சப்பில்லாமல் "நல்லா இருக்குது" என்று சொல்லிக்கொண்டு அவர் இருக்கட்டும், நான் இருக்கிறேன், குடும்பம் ஓடும்.

பொழுது சாய்ந்து வேந்தன் வந்தார். நான் சமையலறையில் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். முகம் கழுவுகிற சத்தம், கட்டில் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. கிட்டாரைப் பார்த்தால் என்ன சொல்வார், நான் என்ன பதில் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்னறையில் பாட்டு ஆரம்பித்தது.

நான் குப்பைத் தொட்டியைப் பார்த்தேன். கம்பிகள் வெங்காயத் தோலுக்கடியில் சுருண்டு கிடந்தன.

பாட்டு தடுமாறுகிற இடத்துக்கு வந்தது.

தடுமாறவில்லை.

போனில் இருக்கலாம், இன்னொரு பதிவை ஒளித்து வைத்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன். அப்போது வேந்தனின் சிரிப்பு எழும்பி, தொண்டையை அடைத்து, இருமலில் போய் முடிந்தது.

"இன்னாமா வாசிக்கிற நீ! நேத்தவிட இன்னிக்கு நல்லா இருக்குது மாயா."

மாயா.

அந்தச் சிரிப்போடு சேர்ந்து என் பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. நான் மாவுக் கையோடு அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"இன்னாத்துக்கு அப்டி பாக்கற?" என்றார், முன்னறையில் இருப்பவளிடம். குரல் குழைந்திருந்தது. "உன் மூஞ்சிய பார்த்துத்தான சிரிக்கிறேன்."

எட்டிப் பார்க்கப் பத்தடி நடந்தால் போதும். கத்தியிருக்கலாம். சரோஜம்மா வீட்டுச் சுவரைத் தட்டியிருக்கலாம். எதுவும் செய்யவில்லை. பாட்டு புதிதாக ஒரு வளைவில் ஏறியதுதான் காரணம். என்னிடம் அவள் காட்டாத வளைவு. அதற்குத்தான் இந்த ஆள் மயங்குகிறார்.

அடுப்பை அணைத்தேன். நன்றாகக் கேட்கட்டும் என்று கதவோரம் போய் நின்றேன். அந்தத் துண்டு முடிந்ததும் வாயால் மெல்லப் பாடிப் பார்த்தேன். முதல் தடவை தப்பாகத்தான் வந்தது.

முன்னறையில் இரண்டு பேரும் சிரித்தார்கள்.